ஸ்கின் கிடைக்கவில்லை என்று சொன்னேன், அக்கா

அக்கா,

நீ போனை எடுத்திருந்தால் இதை இங்கே எழுதியிருக்க மாட்டேன். மூன்று வாரமாக "டூட்டியில இருக்கேன்" என்று ஒரே பதில். போன வருஷம் பிஜி, அதாவது டாக்டர் மேற்படிப்புக்கு சீட் கிடைத்த அன்று, ஊரே பார்க்க இதே இடத்தில்தான் ஒரு பொய்யை எழுதினேன். அதைத் திருத்துவதும் இங்கேயே நடக்கட்டும். சித்தப்பா வீட்டில் படிப்பார்கள், என் யூனிட்டில் சிலரும் படிப்பார்கள். அதனால் சில விஷயங்களை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எவை என்று உனக்குத் தெரியும்.

"ஸ்கின் (தோல் மருத்துவம்) கடைசி நிமிஷத்துல கைநழுவிப் போச்சு, சர்ஜரிதான் வந்துச்சு" என்று உன்னிடம் சொன்னேன். அப்படி நடக்கவில்லை. கவுன்சிலிங்கில் சாய்ஸ் போடும்போது நான்தான் ஜெனரல் சர்ஜரியை மேலே வைத்தேன். முதல் ஐந்து இடமும் சர்ஜரி. ஆறாவதாக ஸ்கின்னைப் போட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்து, அப்புறம் எடுத்துவிட்டு லாக் செய்தேன். நீ பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாய். ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்ததும் தேடிப் பார்த்தேன். ரேங்கில் எனக்குப் பின்னால் இருந்த ஒருவருக்கு ஒரு கல்லூரியில் ஸ்கின் போயிருந்தது. ஸ்கின்னை மேலே வைத்துக் கேட்டிருந்தால் எனக்குத்தான் வந்திருக்கும்.

பிஜி சேர்ந்து ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இந்த ஒரு வருஷமும் அந்த லாட்ஜ் ராத்திரிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

மாட்டுத்தாவணி பக்கத்தில், மூன்றாவது மாடி. 2024 ஜூன் 22. விடிந்தால் நீட் பிஜி, மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. எனக்கு அது மூன்றாவது தடவை. நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி இரண்டு நைட் தொடர்ந்து பார்த்து, அதற்கு ஈடாக லீவு வாங்கிக்கொண்டு நேராக பஸ் ஏறி வந்திருந்தாய். ஹால் டிக்கெட்டில் மூக்குத்தி, தோடு எதுவும் கூடாது என்று போட்டிருந்தது. என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, விளக்குக்கு நேராக முகத்தைத் திருப்பி, தேங்காய் எண்ணெயை விட்டு விட்டுத் திருகாணியைக் கழற்றப் பார்த்தாய். அது இறுகிப்போயிருந்தது. "மூச்சை இழுத்துப் பிடி" என்றாய். வழுக்கியது. சேலை முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பிடித்தாய். கடைசியில் கழன்று வந்ததும் அதை விளக்கில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பஞ்சில் சுற்றி உன் பர்ஸில் வைத்தாய்.

பத்து மணி இருக்கும். பேட்ச் வாட்ஸப் குரூப்பில் போன் அடிக்க ஆரம்பித்தது. தேர்வு ஒத்திவைப்பு. பொய்யான மெசேஜ் என்றுதான் முதலில் நினைத்தேன். டிவியில் கீழே எழுத்து ஓடியபோதுதான் நம்பினேன். நாட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் டாக்டர்கள் எழுத வேண்டிய பரீட்சை, விடிவதற்குள் இல்லை என்று ஆகிவிட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ யாரையும் திட்டவில்லை. பர்ஸைத் திறந்து பஞ்சை எடுத்து, "இதைத் திரும்பப் போட்டு விடட்டுமா, இப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டாய். உன் விரலெல்லாம் எண்ணெய் வாசம். நான் பதில் சொல்லவில்லை. நீயே போட்டுவிட்டாய்.

விளக்கை அணைத்த பிறகும் நீ தூங்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து இருட்டில் சொன்னாய்: "எப்ப எழுதினாலும் சரி. நைட் டூட்டி இல்லாத பிராஞ்சா எடு பாப்பா. நம்ம வீட்ல ஒரு ஆளாவது ராத்திரி தூங்கட்டும்." நான் சரி என்றேன்.

அந்த "சரி" பொய்யென்று எனக்கு அப்போதே தெரியும்.

எம்பிபிஎஸ் கடைசியில் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு பாட்டி வந்தார்கள். குடலிறக்கம் சிக்கிக்கொண்டு ஒரு நாள் முழுக்க வலியைப் பொறுத்துக்கொண்டு வந்தவர்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் ஆபரேஷன் தியேட்டரில் திறந்தபோது குடலின் அந்தத் துண்டு நாவல்பழ நிறத்தில் இருந்தது. இறுக்கத்தை விடுவித்து, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த மாப்பை (துணியை) சுற்றிவைத்துக் காத்திருக்கச் சொன்னார் சார். நிறம் திரும்பாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டும். பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. மாப்பை விலக்கியபோது ஓரத்திலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. சார் விரலால் லேசாகத் தொட்டார், குடல் ஒரு புழுவைப்போல நெளிந்தது. நான் வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது. உன்னிடம் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை.

ஆகஸ்ட் 11க்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. திருகாணியை நானே பிடுங்கினேன், கொஞ்சம் ரத்தம் வந்தது. உள்ளே எப்படியிருந்தது என்று நீ கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. 40 கேள்விக்கு 42 நிமிஷம். நேரம் முடிந்தால் அந்தப் பகுதி மூடிக்கொள்ளும், திரும்பிப் போய்த் திருத்த முடியாது. இப்படி ஐந்து பகுதி, 200 கேள்வி. சரிக்கு நான்கு, தப்புக்கு ஒன்று போகும். மூன்றாவது பகுதியில் மூக்கிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அதைத் துடைத்த நேரத்துக்குக்கூடக் கணக்குப் பார்த்தேன்.

முதல் வருஷம் எப்படிப் போனது என்று இங்கே விவரமாக எழுத முடியாது. எங்கள் யூனிட்டில் நோயாளிகளைச் சேர்க்கும் நாள்தான் அட்மிஷன்; அன்று காலையில் போனால் மறுநாள் சாயங்காலம்தான் ஹாஸ்டல். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு டிரஸ்ஸிங், ரத்த வங்கிக்கு ஓட்டம், டிஸ்சார்ஜ் சம்மரி, நடுவில் தீசிஸுக்கு எத்திக்ஸ் கமிட்டி. நீ பயந்தது அத்தனையும் நடந்தது. நான் தூங்கவில்லை அக்கா. அதை உன்னிடம் சொல்லி அழ எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துத்தான் போன் பண்ணாமல் இருந்தேன். நீ அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் ஒரு ராத்திரி, லேபுக்குப் போக வேண்டிய ஒரு சாம்பிள் காணவில்லை என்று வார்டு சிஸ்டரிடம் கத்தினேன். அவர்களுக்கு உன் வயதிருக்கும். ஐம்பது பேர் இருக்கும் வார்டில் தனியாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்றும் பேசாமல் இன்னொரு தடவை ரத்தம் எடுக்கப் போனார்கள். அவர்கள் நடந்த விதத்தில் உன்னைப் பார்த்தேன். காலையில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றார்கள். அந்தப் பரவாயில்லையை உன் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

ஆனால் அக்கா, போன மாதம் அத்தை வீட்டு விசேஷத்தில் நீ சொன்னது என் காதுக்கு வந்தது. "என் சம்பளத்துல டாக்டர் ஆனவ" என்று. உண்மைதான். நீ தொகுப்பூதியத்தில் வாங்கிய 7,700 ரூபாயில் 3,000 எனக்கு வந்தது. காலமுறை ஊதியம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்தபோதும், அங்கிருந்து போன் பண்ணி மெஸ் பில் கட்டியாச்சா என்றாய். நான் எதையும் மறக்கவில்லை. ஆனால் எனக்குக் கொடுக்கிறேன் என்று நீ முடிவெடுத்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. 2009இல் உனக்கு ஒன்றரை மார்க்கில் டாக்டர் சீட் போனதை நான் திருப்பித் தர முடியாது. நான் போட்டிருக்கும் கோட் உன் அளவுக்குத் தைத்தது என்று நீ ஒவ்வொரு தடவையும் நினைவுபடுத்தினால், எனக்கு அதைப் போட்டுக்கொள்ளவே கூசுகிறது.

எழுதிவிட்டேன். அழிக்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். நீ 2022லேயே "எம்ஆர்பி எழுதி ஒரு பிஎச்சியில சேர்ந்துக்கோ, அப்புறம் படி" என்றாய்; அரசு மருத்துவப் பணித் தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராகச் சேரச் சொன்னாய். பிஜியில் மாநிலத்தின் பங்கில் பாதி சீட் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. நான் நர்சிங் ஹோமில் டூட்டி டாக்டராக இருந்துகொண்டு மீதிப் பாதிக்கு மோதினேன். அதில் நீ சொன்னதுதான் சரி. பிராஞ்ச் விஷயத்தில் நான் செய்ததுதான் சரி. பொய் சொன்னது மட்டும் தப்பு.

ஸ்கின்னை லேசாக நினைத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. தொழுநோயும், தோல் கொப்பளிக்கும் பெம்ஃபிகஸும் பார்க்கிறவர்களின் வேலை எனக்குத் தெரியும். எனக்குத் தியேட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம், நடுவில் பரீட்சைக்காகப் போனது இரண்டரைக்கு மேல், எம்எஸ் மூன்று. அதோடு முடிந்தது, வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நீ கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய். நான் குழந்தைகள் அறுவை சிகிச்சையில் எம்சிஎச், அதாவது எம்எஸ்ஸுக்கு மேல் உள்ள படிப்பைப் பண்ண முடிவு செய்துவிட்டேன். அதற்கான நுழைவுத் தேர்வான நீட் எஸ்எஸ் எழுதி, கிடைத்தால் இன்னும் மூன்று வருஷம். படித்து முடித்து அரசுக்கு வேலை பார்க்க வேண்டிய பாண்டும் இருக்கிறது. இதையும் சீட் வந்த பிறகு "இதுதான் கிடைத்தது" என்று சொல்லியிருக்கலாம். இரண்டாவது தடவை அதைச் செய்ய மனது வரவில்லை. உன்னிடம் ஒரு ரூபாய் வாங்க மாட்டேன். ஸ்டைபெண்டில் மிச்சம் பிடித்து வீட்டு லோனுக்கு மாதாமாதம் அனுப்புகிறேன். தொகையை இங்கே எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு அட்மிஷன் இல்லை. காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் பத்துக்குள் வந்துவிடுவேன். மூக்குத்தியைப் பஞ்சில் சுற்றி எடுத்து வருகிறேன், ஓட்டை பாதி தூர்ந்துவிட்டது. நீ நைட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதென்றால் தூங்கி எழுந்து திட்டு.

பாப்பா