சர்க்கரை நோயாளர் ஆதரவுக் குழு: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, உடன் வந்திருக்கும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் குழு செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு உருப்படியாக நடந்த மாற்றம் என்றால், வீட்டில் சமைப்பவர்களையும் கூட்டத்துக்கு அழைத்ததைத்தான் சொல்வேன். முன்பெல்லாம் நோயாளி மட்டும் வருவார், தலையாட்டுவார், போய்விடுவார். தட்டில் விழுவது மாறாது. ஆடி மாதம் முதல் மனைவிமார், மருமகள்கள், சமையல்கார அம்மா ஒருவர், அடுப்படியைத் தாமே பார்த்துக்கொள்ளும் இரண்டு ஆண்கள் எனக் கூட்டம் சேர்ந்தது. பேச்சும் மாத்திரையிலிருந்து சாதக் கரண்டிக்கு வந்தது.

காவிரிக் கரையில், கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு சோற்றை விடு என்றால் யார் கேட்பார்கள்? குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என மூன்று முறை சோறு போட்டுக்கொள்வதில்தான் அளவு எகிறுகிறது. குழம்புக்கு மட்டும் சோறு, ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடித்துவிடலாம் என்று உறுப்பினர் ஒருவரின் மனைவி சொன்ன யோசனை பல வீடுகளில் நிலைத்துவிட்டது. கீரை, பொரியல், சுண்டல் அல்லது மீனை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) ‘இந்தியாப்’ (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வுக் குழு 2022இல் வெளியிட்ட கணக்கும் இதற்கு ஒத்தே போகிறது: மாவுச்சத்தைச் சாப்பாட்டில் கிடைக்கும் கலோரியில் பாதியளவுக்குக் குறைத்து, புரதத்தை ஐந்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவர வேண்டும்.

சிறுதானியம் பற்றிய கூட்டம் சூடாகவே நடந்தது. வரகு, சாமை என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து. சிறுதானியங்களிலும் அது 60 முதல் 70 வரை இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான், ஆனால் ஆறு வரகு தோசை ஆறு தோசைதான். நன்றாக அரைத்த கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையை விறுவிறுவென ஏற்றுவதைச் சிலர் தங்கள் சர்க்கரை மீட்டரிலேயே பார்த்தார்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் விவாதத்தை இந்த ஆண்டோடு முடித்துக்கொள்வோம், மூன்றும் சர்க்கரையே.

ஒரு சம்பவத்தைப் பதிவு செய்ய வேண்டும். கிளைமிபிரைடு என்ற சர்க்கரை குறைக்கும் மாத்திரை சாப்பிடும் உறுப்பினர் ஒருவர் மருத்துவரிடம் சொல்லாமல் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கப் போனார். வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். உடன் நடந்தவர் மீட்டரில் பார்த்தபோது 58, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருந்தது. சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்த பிறகே வீட்டுக்கு அழைத்துப் போனார். சாப்பாட்டைக் குறைப்பவர்கள், குறிப்பாக இன்சுலினோ இவ்வகை மாத்திரையோ எடுப்பவர்கள், மருந்தளவை முதலில் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். மீட்டரைக் கிருமிநீக்கம் செய்த பிறகே இரவல் கொடுக்கலாம், குத்தும் ஊசியைக் கொடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உறுப்பினர் ஒருவரைத் துணையாக அமர்த்தும் ஏற்பாடு நன்றாகவே போகிறது. வாட்ஸ்அப்பில் தினமும் சர்க்கரை எண்களைப் போடும் வழக்கத்தை மட்டும் தை மாதத்தோடு நிறுத்தினோம். 110 வந்தவர் கைதட்டல் வாங்க, 260 வந்தவர் கூட்டத்துக்கே வராமல் போனார். அவருக்குத்தான் நாம் அதிகம் தேவை. இப்போது எண்ணைத் துணையிடம் மட்டும் சொன்னால் போதும். விலகியிருந்தவர்களில் பலர் திரும்ப வந்துவிட்டார்கள். இதே காரணத்தால் எவருடைய ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அளவையும் இந்த அறிக்கையில் சேர்க்கவில்லை. கேட்டவர்கள் பொறுத்தருள்க.

வரும் ஆண்டில் எல்லோருக்கும் விழித்திரைப் பரிசோதனையும் பாத உணர்வுப் பரிசோதனையும் நடத்த உத்தேசம். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் வண்டி ஓட்டி வர வேண்டாம். கல்யாண சீசன் பற்றித் தனிக் கூட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் வந்திருக்கிறது. பந்தியில் இரண்டாவது ஜாங்கிரியை எப்படி மறுப்பது என்று அனுபவஸ்தர்கள் பேசலாம்.

இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், கூட்டந்தோறும் சுண்டல் செய்து வந்த சகோதரிகளுக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்