வாக்கில்லாத எங்களையும் அழைத்துப் போனவர்களுக்கு

எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்ட வாரியத்தின் ஏழு அறங்காவலர்களுக்கும், 2025இல் பள்ளி நிதிக்காகப் பேச அவர்களோடு டெக்சாஸின் தலைநகர் ஆஸ்டினுக்குப் போய்வந்த எல்லோருக்கும் வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. டாலஸின் வடக்குப் புறநகரில் இருக்கும் நம் குடும்பங்கள் முதலில் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரியக் கூட்டத்தில் மைக் முன்னால் நின்று இதையே ஆங்கிலத்தில் நான் வாசிப்பேன்.

2021 ஆகஸ்டில் என் மகளை ப்ரீ-கே, அதாவது மழலையர் வகுப்புக்கு முந்தைய வகுப்பில் கொண்டுபோய் விட்டேன். அவளுக்கு நாலு வயது. வீட்டில் தமிழ் மட்டும்தான். தண்ணீர் வேண்டும் என்றுகூட ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாது. ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியாத பிள்ளைக்கு டெக்சாஸ் அரசுப் பள்ளியில் ப்ரீ-கே இலவசம் என்பதே, பெயர் பதியப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் எதைக் குறை என்று நினைத்துக் கூசிக்கொண்டு நின்றேனோ, அதையே தகுதியாக எழுதிக்கொண்டார் அலுவலகத்தில் இருந்த அம்மா. அன்று அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

அந்த வகுப்புக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று வெகுநாள் நான் யோசித்ததில்லை. ஒரு நாள் மாலை, வாரியம் நடத்திய பட்ஜெட் விளக்கக் கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா இழுத்துக்கொண்டு போனார். அங்கேதான் தெரிந்துகொண்டேன். 2019இல் வந்த சட்டம், தகுதியுள்ள நாலு வயதுப் பிள்ளைகளுக்கு முழுநாள் வகுப்பு நடத்தச் சொல்கிறது. ஆனால் பிள்ளையின் வருகைக்கு மாநிலம் தருவது அரைநாள் கணக்குதான். மீதியை மற்ற ஒதுக்கீடுகளிலிருந்தும் சொந்த வரவிலிருந்தும் மாவட்டம் ஈடுகட்டுகிறது. பள்ளிக்கு வரும் பணம், பெயர் பதிந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததும் இல்லை. அன்றாடம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளின் சராசரியைப் பொறுத்தது. காய்ச்சலில் பாதி வகுப்பு வீட்டில் படுத்துக்கிடந்தாலும் ஆசிரியருக்குச் சம்பளம், பஸ்ஸுக்கு டீசல், கட்டடத்துக்கு மின்சாரம் எல்லாம் அப்படியேதான் ஆகும். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று மாநிலம் வைத்திருக்கும் அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்றிருந்தது. அதன் பிறகு அரிசி என்ன விலை ஏறியது, வாடகை எவ்வளவு ஏறியது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் பொறுமையாக விளக்கிய அறங்காவலர் இந்த வேலைக்கு ஒரு டாலர்கூட வாங்குவதில்லை. டெக்சாஸ் சட்டப்படி பள்ளி அறங்காவலர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் தன் சொந்த வேலையைப் பார்த்துவிட்டு, இரவு பத்தரை மணிவரை அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்து எழுந்தபோது, நாங்கள் எச்1பி வேலை விசாவில் இருக்கிறோம், எங்களுக்கு ஓட்டு இல்லை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சட்டமன்றக் குழு முன்னால் சாட்சி சொல்லக் குடியுரிமை வேண்டியதில்லை என்றார். மசோதா பற்றிச் சட்டமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக்கு இணையத்தில் கருத்து எழுதவும் டெக்சாஸில் குடியிருந்தாலே போதும் என்றார். இந்த ஊரில் வீடு வாங்கி, ஆண்டுதோறும் சொத்து வரி கட்டி, கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கும் எங்களிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இந்த மடல் முழுவதும் அந்த ஒரு பதிலுக்கான நன்றிதான் என்றாலும் தகும்.

டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் கூடும். 2023இல் மாநிலத்தின் கையில் 32.7 பில்லியன் டாலர் உபரி இருந்தது. அப்படியிருந்தும் அடிப்படை ஒதுக்கீடு ஏறவில்லை. அரசுப் பணத்தில் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டும் வவுச்சர் திட்டம் ஆளுநர் கிரெக் அபாட்டின் முதன்மைக் கோரிக்கையாக இருந்தது. பள்ளிகளுக்கான பணமும் அதோடு சேர்த்தே கட்டப்பட்டது. நான்காவது சிறப்புக் கூட்டத்தில், நவம்பர் 17 அன்று, குடியரசுக் கட்சிப் பிரதிநிதி ஜான் ரேனி கொண்டுவந்த திருத்தம் 84க்கு 63 என்ற கணக்கில் நிறைவேறி வவுச்சரை மசோதாவிலிருந்து நீக்கியது. ஆளுநரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த 21 குடியரசுக் கட்சியினர் அதற்கு வாக்களித்தார்கள். அவர்களில் பலர் கிராமப்புறத் தொகுதிகளின் பிரதிநிதிகள். அந்த ஊர்களில் அரசுப் பள்ளிதான் பள்ளி. பெரும்பாலும் அதுவே ஊரின் மிகப்பெரிய வேலைதரும் இடமும்கூட. மறு ஆண்டு, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி நடத்தும் முதற்கட்டத் தேர்தலில் பலர் பதவியை இழந்தார்கள். அந்த 21 பேருக்கும், அவர்கள் மனசைத் தொடும்படி பேசிய சின்னச் சின்ன ஊர்களின் பள்ளி வாரியங்களுக்கும் இந்தப் புறநகர்த் தாயின் நன்றி. அந்த முடிவுக்கு விலையும் இருந்தது. மசோதாவே விழுந்ததால் பணமும் வரவில்லை. எங்கள் வாரியம் பற்றாக்குறை பட்ஜெட் போட்டது. வாகன நிறுத்துமிடத்தில் பெற்றோர் அழுததை நான் பார்த்தேன். அறங்காவலர்களும் கலங்கினார்கள்.

2025 மார்ச் 11ஐ நான் மறக்க மாட்டேன். வவுச்சர் மசோதா மீது பிரதிநிதிகள் அவையின் பொதுக் கல்விக் குழு விசாரணை நடத்திய நாள். எங்கள் வாரியத்திலிருந்து இரண்டு பேர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நான் என நாலு பேர் ஒரே காரில் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். வேகோவில் நிறுத்திக் காப்பி குடித்தோம். ஆசிரியை வழிநெடுக எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தார். புள்ளிவிவரத்தை அறங்காவலர்களிடம் விட்டுவிடு, உன் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசு என்றார். இளஞ்சிவப்புக் கருங்கல்லில் எழும்பி நிற்கும் சட்டமன்றக் கட்டடத்துக்குப் பின்னால், நிலத்துக்கு அடியில் இருக்கிறது விசாரணை அறை. பெயர் கொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில். விசாரணை காலையில் தொடங்கி, இரவெல்லாம் நடந்து, மறுநாள் காலைவரை நீண்டது. என் முறை நள்ளிரவு தாண்டித்தான் வந்தது. பேச எழுந்தபோது கை நடுங்கியது. திரும்பிப் பார்த்தேன். தங்கள் முறை முடிந்து எப்போதோ போயிருக்கலாம் என்ற நிலையிலும் இரண்டு அறங்காவலர்களும் பின்வரிசையில் விழித்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இருவருக்கும் வேலை இருந்தது. தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொண்ட வகுப்பறையைப் பற்றிப் பேசினேன். தனியார் பள்ளி ஒரு பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எங்கள் பள்ளிக்கு அந்த உரிமை இல்லை, அந்த எண்ணமும் இல்லை என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

நாங்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஏப்ரலில் பிரதிநிதிகள் அவை வவுச்சர் மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்து வாக்களித்தவர்கள் கேரி வான்டீவர், டேட் ஃபீலன் ஆகிய இருவர் மட்டுமே. மே 3 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். அந்த வவுச்சர் திட்டத்தின் தொடக்கத்துக்கு 1 பில்லியன் டாலர்.

ஆனால் தனிச் சட்டம் ஒன்றின் வழியாகப் பள்ளி நிதிக்காக 8.5 பில்லியன் டாலரும் வந்திருக்கிறது. வாரியங்கள் ஓயாமல் கதவு தட்டாதிருந்தால் இது வந்திருக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை. அடிப்படை ஒதுக்கீட்டுக்குப் பிரதிநிதிகள் அவை சொன்ன உயர்வு 395 டாலர். இறுதியில் வந்தது 55 டாலர்தான். விலைவாசிக்கு ஈடுகட்ட ஆயிரத்துக்கு மேல் வேண்டும் என்று கேட்டுவந்தவர்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதே பள்ளி நிதிச் சட்டத்தால், எங்களைப் போன்ற பெரிய மாவட்டத்தில் ஐந்தாண்டு அனுபவம் உள்ள ஆசிரியருக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் கூடுகிறது. என் மகளுக்கு முதல் ஆங்கில வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தவர் அந்தக் கணக்கில் வருகிறார். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

விசாரணை நாளில் எங்கள் பிள்ளைகளுக்கு இட்லியும் சாம்பாரும் கொடுத்துத் தூங்கவைத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், இணையத்தில் கருத்து எழுதுவது எப்படி என்று தமிழ்ப் பள்ளி வகுப்பு முடிந்ததும் பெற்றோருக்குப் படிப்படியாகக் காட்டிய இரண்டு தம்பிகளுக்கும், ஒவ்வொரு மசோதா எண்ணையும் எங்களுக்குப் புரியும்படி எழுதி அனுப்பிய மாவட்ட அலுவலக ஊழியர்களுக்கும் தனித்தனியாக நன்றி.

ஜூன் முடிவதற்குள் பட்ஜெட் நிறைவேற வேண்டும் என்று அறிவித்திருக்கிறீர்கள். பொதுமக்கள் பேசும் நேரத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இந்த முறை என்னோடு ஐந்து குடும்பங்கள் வருகின்றன. மூன்று வீட்டுக்காரர்கள் முதன்முறையாகப் பேசப்போகிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிவருகிறோம். கொஞ்சம் சத்தமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
இரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளையின் அம்மா