பாதத்தைப் பார்க்கும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு 18 வருடமாகச் சர்க்கரை. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். விழித்திரை, சிறுநீரில் புரதம், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எல்லாம் ஒழுங்காக நடக்கும். குறையே சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அம்மாவிடம் "ஞாபகசக்தி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டதில்லை.

எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது இன்சுலின் பேனாதான். அதில் 300 யூனிட். தினம் ஒரு வேளை 20 யூனிட், ஒவ்வொரு முறையும் ஊசியைச் சரிபார்க்க வீணாகும் 2 யூனிட். கணக்குப்படி 13 நாள் வர வேண்டும். ஒன்பதாம் நாளே தீர்ந்துவிட்டது. போட்டதை மறந்து சில நாள் மறுபடியும் போட்டிருக்கிறார். ராத்திரியில் உடம்பெல்லாம் வியர்த்து அவர் உளறியது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. கடுமையான தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடுவது) வந்த முதியவர்களிடம் மறதிநோய் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மறதியால் தாழ்சர்க்கரை, தாழ்சர்க்கரையால் இன்னும் மறதி என்று போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

சர்க்கரைக்கும் மறதிக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குத் தெரியாததல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதிநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று நெதர்லாந்தில் நடந்த ராட்டர்டாம் ஆய்வு 1999-லேயே சொன்னது. ரத்தக்குழாய்கள் கெடுவது ஒரு காரணம். இன்னொன்றும் சொல்கிறார்கள்: இன்சுலினைச் சிதைக்கும் நொதியேதான் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தையும் சிதைக்கிறது, உடம்பில் இன்சுலின் எப்போதும் மிகுந்திருந்தால் அமிலாய்டு தேங்கிவிடலாம். தடுக்க வாய்ப்புள்ள 14 காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-ல் தந்த பட்டியலில் நீரிழிவு, உடல் பருமன், ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு நான்கும் இருக்கின்றன.

அதற்காக, மறதிநோயின் ஒரு வகையான அல்சைமரை 'மூன்றாம் வகை நீரிழிவு' என்று சொல்லி யாராவது உணவுப் பட்டியல் விற்றால் நான் வாங்க மாட்டேன். சில ஆய்வாளர்கள் 2005-ல் வைத்த பெயர் அது. முறையான நோய்ப்பெயர் அல்ல. மூளைக்கென்றே வகுத்த மைண்ட் உணவுமுறையை 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சாப்பாட்டைத் திருத்துவது சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது, சரி. மறதியைத் திருப்பிவிடும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடம் ஒரு முறை நினைவாற்றலைச் சோதிக்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல். அதைச் செய்யுங்கள். பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். அந்தக் குறையாலும் மறதி வரும், அதைச் சரிசெய்ய மருந்தும் இருக்கிறது. மறதி இருப்பது உறுதியானால் சர்க்கரை இலக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள், ஒரு நாளில் போடும் ஊசிகளைக் குறைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

அடுத்த முறை நாங்கள் வரும்போது என்னைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருந்தால் நீங்கள் அம்மாவிடம் கேட்பதற்கெல்லாம் நானே பதில் சொல்லிவிடுகிறேன்.