எஸ்ஏபி சர்வருக்கு வெளியிலிருந்து நிரல் அனுப்பும் வழியை மூடுங்கள்

நிறுவனங்களின் எஸ்ஏபி என்ற வணிக மென்பொருள் அமைப்புகளுக்குப் பொறுப்பேற்றுள்ள ஐடி தலைவர்களுக்கு,

வணக்கம். அவசரமாக ஒரு பட்டியல் வேண்டும், டிரான்ஸ்போர்ட் (சோதித்த நிரலை நடப்பு அமைப்புக்குக் கொண்டுபோகும் முறை) வரக் காத்திருக்க முடியாது என்றால், சிலர் ஜாவாவிலோ டாட் நெட்டிலோ எழுதிய செயலியிலிருந்து ஆர்எஃப்சி_அபாப்_இன்ஸ்டால்_அண்ட்_ரன் என்ற ஃபங்ஷன் மாட்யூலை, அதாவது எஸ்ஏபியில் பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதியை, அழைத்துவிடுகிறார்கள். எஸ்ஏபியின் நிரல் மொழியான அபாப்பில் எழுதிய வரிகளை ‘புரோகிராம்’ டேபிளில் அடுக்கி அனுப்பினால், சர்வர் அதைத் தற்காலிக ரிப்போர்ட்டாக்கி ஓட்டி, அச்சானதை ‘ரைட்ஸ்’ டேபிளில் திருப்பித் தருகிறது. அன்றாட வேலை நடக்கும் புரொடக்ஷன் அமைப்பில் இந்த வழியை மூடுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

வரிக்கு 72 எழுத்துதான் என்பது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை, விடை வெறும் எழுத்தாக வருவது. அச்சிடும் ரைட் கட்டளை கழித்தல் குறியை எண்ணின் பின்னால் போடும்: 1,234.50-. இணைப்புக்குப் பயன்படும் யூசரின் தசம அமைப்பை எஸ்யு01 என்ற யூசர் நிர்வாகத் திரையில் யாராவது மாற்றினால் அதே தொகை 1.234,50- ஆகிவிடும், செயலி அதைத் தவறாகப் படிக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது.

இவற்றைவிட எங்களைக் கவலைப்பட வைப்பது அதிகாரம். அபாப்பில் தரவுத்தளத்தைப் படிக்கவும் திருத்தவும் உதவும் ஓப்பன் எஸ்க்யுஎல் தானாக எந்த அதிகாரத்தையும் சோதிப்பதில்லை. அனுப்பிய நிரலில் அத்தாரிட்டி-செக் என்ற அதிகாரச் சோதனைக் கட்டளை இல்லையென்றால் சம்பளமும் கடவுச்சொல் ஹாஷும் (கடவுச்சொல்லின் மறைத்த வடிவம்) கிளையன்ட் (ஒரே அமைப்புக்குள் தனியாகப் பிரித்த தரவுப் பகுதி) எல்லை தாண்டியும் படிக்கக் கிடைக்கும், திருத்தவும் முடியும். செயலியில் ஒருவர் தட்டிய சொல்லை அப்படியே நிரலோடு ஒட்டினால், ஒற்றை மேற்கோள் குறி ஒன்றே நிரலை உடைத்துப் புது வரி நுழைக்கப் போதும்.

நிரலை ஓடும்போதே நினைவகத்தில் உருவாக்கும் ஜெனரேட் சப்ரூட்டின் பூல் கட்டளைக்கு மாறுவதும் தீர்வல்ல. ஒரு நிரல் ஓட்டத்துக்கான இன்டர்னல் செஷனில் 36 பூல்தான். அதற்கு மேல் போனால் டம்ப், அதாவது நிரல் பிழையோடு நின்றுவிடும்.

தேவை எதுவோ அதற்கென்று வெளியிலிருந்து அழைக்கும் ரிமோட் வசதியுள்ள ஃபங்ஷன் மாட்யூல் எழுதச் செய்யுங்கள். அளவுருக்களுக்கு வகை இருக்கட்டும், முதல் வேலையாக அத்தாரிட்டி-செக் நடக்கட்டும். தரவைத் தேர்ந்தெடுக்கும் வேர் (WHERE) நிபந்தனை, ஓடும்போதே அமையும்படி டைனமிக்காக வேண்டுமென்றால் மதிப்புகளை சிஎல்_அபாப்_டின்_பிஆர்ஜி வகுப்பின் மேற்கோள் குறியைப் பாதுகாப்பாக்கும் ‘குவோட்’ மெத்தட் வழியாகவே சேர்க்க வேண்டும். 600 விநாடி என்ற வழக்கமான டயலாக் (உடனுக்குடன் நடக்கும் பணி) வரம்பைத் தாண்டும் வேலையைப் பின்னணி ஜாபாக்குங்கள்.

இணைப்பு யூசர், மனிதர் திரை வழியாக நுழைய முடியாத சிஸ்டம் வகையாக இருக்கட்டும். வெளி அழைப்புக்கான எஸ்_ஆர்எஃப்சி அனுமதியில் ‘எல்லாம்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டு, வகை ‘ஃபங்க்’ என்றும், பெயர் முழுமையாகவும், செயல் 16 (இயக்குதல்) என்றும் கொடுங்கள். வெளி அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் யூகான் காக்பிட்டில், அழைப்புகளைத் தடுக்காமல் குறித்துவைக்கும் பதிவுக் கட்டத்தை ஆண்டு இறுதிக் கணக்கு முடியும்வரை ஓடவிடுங்கள். சில அழைப்புகள் அப்போது மட்டுமே வரும். அவற்றைப் பார்க்காமல் தடுத்தால் கணக்கு முடிக்கும் இரவில் இணைப்பு அறுந்துபோகும்.

இப்படிக்கு,
அபாப் டெவலப்பர்களும் பேசிஸ் நிர்வாகிகளும்