உத்தரவு இருந்தும் பணம் வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம். பிரிந்து வாழும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் தருவது கணவனின் கடமை என்று வலியுறுத்திய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். கடமையைச் சொல்வதில் சட்டத்துக்குக் குறை ஒன்றுமில்லை. இந்தக் கடமையை விதித்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. மனு செய்த நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. சிக்கல் உத்தரவு வந்த பிறகுதான். பணம் வராவிட்டால் நிலுவையை வசூலிக்க அந்தப் பெண்தான் மறுபடியும் மனு போட வேண்டும். அதுவும், தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள்.

எங்கள் தெருவில் தையல் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு பெண்ணிடம் நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. கணவர் ஒரு மாதம் பணம் அனுப்புவார், அப்புறம் பல மாதங்கள் பேச்சே இருக்காது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அன்றைய கூலியை இழந்துதான் அந்தப் பெண் நீதிமன்றம் போகிறார். கணவர் சம்பளக்காரர் என்றால், தொகையைச் சம்பளத்திலேயே பிடித்து மனைவியின் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு முதல் உத்தரவிலேயே எழுதிவிடலாம். மற்றவர்கள் ஒரு மாதம் தவறினாலே, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அந்தப் பெண்ணின் சார்பில் வசூல் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். வருமான வரம்பு பாராமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் ஏற்கெனவே வழி செய்திருக்கிறது.

– ஒரு வாசகி, திண்டுக்கல்