புயலும் பாவக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் ஆன்மிகப் பக்கத்தில் துன்பத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒன்று, செய்த பாவத்துக்குத் தண்டனை. இல்லாவிட்டால் விசுவாசத்துக்குச் சோதனை என்று கட்டுரையாளர் கணக்கை முடித்துவிட்டார். சாட்சிக்கு, குற்றமில்லாமலே பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த பைபிளின் யோபுவையும் அழைத்திருக்கிறார். நான் குமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கத்தோலிக்கப் பெண். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கடலைக் கடந்தது. அன்று திருச்சபை நாள்காட்டியில் புனித அந்திரேயா திருநாள். இயேசுவின் சீடரான அவரும் வலை வீசிப் பிழைத்தவர்தான். எங்கள் ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். கரையிலிருந்து எச்சரிக்கை சொல்வதற்குள் அவர்களுடைய விசைப்படகுகள் வயர்லெஸ் எட்டாத தூரத்துக்குப் போயிருந்தன. என்னிடம் படித்த பையன்களும் அதில் உண்டு. பல வீடுகளில் அடக்கம் செய்ய உடல்கூட இல்லை. அப்படி ஒரு வீட்டில் ஜெபிக்க வந்தவர் ஒருவர், "இது ஊர் செய்த பாவம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தத் தாய் என்னைப் பார்த்ததும் கேட்டது, "டீச்சர், நான் என்ன பாவம் செஞ்சேன்?"

இந்தக் கேள்வி இயேசுவிடமே வந்திருக்கிறது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே சொன்னார். லூக்கா நற்செய்தி, 13-ஆம் அதிகாரம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, பாவம் செய்தது இவனா, பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றார். இதற்கு மேலும் பாவக் கணக்கு பார்ப்பவர்கள் எந்த நற்செய்தியைப் படிக்கிறார்களோ!

மனிதனுக்குக் கடவுள் சுதந்திரம் கொடுத்தார், அதைத் தவறாகப் பயன்படுத்தியதால் துன்பம் வந்தது என்றும் எங்கள் பாதிரியார்கள் விளக்குவதுண்டு. கொலைக்கும் போருக்கும் அது பொருந்தும். காற்றுக்கு ஏது சுதந்திரம்? எங்களுக்கு மீன் தரும் அதே வெதுவெதுப்பான கடல்தான் புயலையும் கிளப்புகிறது. அது படைப்பின் ஒழுங்கு என்று சொன்னால் புத்தி ஏற்றுக்கொள்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. புயல் தந்த இழப்பில் ஒரு பங்குக்கு மனிதனும் பொறுப்பு என்பதை மட்டும் மறைக்கக் கூடாது. முன்கூட்டியே தகவல் சேர்ந்திருந்தால், தேடுதல் சீக்கிரம் தொடங்கியிருந்தால் என்று கேட்டுத்தான் டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் ரயில் மறியல் செய்தார்கள். அதையும் சேர்த்து "ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டால் பொறுப்பில் இருந்தவர்களுக்கு ரொம்ப வசதி.

சரி, கடவுள் ஏன் அனுமதித்தார்? எனக்கு விடை கிடைக்கவில்லை. யோபுவுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் தம் நண்பர் இலாசரின் கல்லறை முன் கடவுளின் மகன் அழுதார். சிலுவையில் தொங்கியபடி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டார். 'ஏன்' என்று கேட்பது விசுவாசக் குறைவு என்றால் பெரிய வெள்ளிக்கிழமை நாம் கோவிலுக்குப் போவதில் அர்த்தமில்லை. உயிர்த்த பிறகும் அவர் உடம்பில் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன. உயிர்த்ததை நம்ப மறுத்த சீடர் தோமாவுக்கு அடையாளமாகக் காட்டியது அவற்றைத்தான். எல்லாவற்றையும் புதிதாக்குகிறவர் அந்தக் காயங்களைத் துடைத்துப் போடவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களின் காயத்தையும் அவர் ஒன்றுமில்லை என்று தள்ளமாட்டார் என்று நம்புகிறேன். என் விசுவாசம் நிற்பது அதில்தான்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். அப்புறம் வாயைத் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது கேள்வி கேட்ட யோபுவின் மேல் அல்ல, அந்த நண்பர்களின் மேல்தான். அடுத்த முறை யோபுவைப் பற்றி எழுதும்போது யோபு புத்தகத்தின் 42-ஆம் அதிகாரம் ஏழாம் வசனத்தையும் சேர்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தூத்தூர் வட்டாரம், குமரி மாவட்டம்.