அழுகிறவரின் பாட்டு

திருகோணமலை

அன்பின் நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டில் சுகமாக இருக்கிறீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். நாங்களும் நலம், வாடைக்காற்று அடங்கி, தொழிலாளர் மீண்டும் கடலுக்குப் போகிறார்கள்.

டொரொன்டோவில் நீங்கள் செல்லும் ஆலயத்தில் கிட்டாரும் திரையில் ஓடும் பாடல்வரிகளுமாக வழிபாடு நடப்பது மனதுக்கு ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கருவிகளைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் இல்லை. அத்தகைய பாடல்களில் பெரும்பாலும் வெற்றியும் களிப்புமே இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. துக்கத்தோடு வந்தவர் எதைப் பாடுவார்?

எங்கள் பங்கில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில், இயேசுவின் பாடுகளையும் மாதாவின் துயரையும் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை இன்னும் பாடுகிறோம். சென்ற வெள்ளி மாதாவின் புலம்பலை ஒப்பாரி மெட்டில் இழுத்துப் பாடிவந்த ஒரு முதிய தாய், "மகனே" என்ற இடத்தில் குரல் அடைத்து நின்றுவிட்டார். பின்வாங்கிலிருந்த பெண்கள் அந்த அடியை எடுத்துப் பாடி முடித்தார்கள். அவருடைய மகன் 1990இல் காணாமற்போனவர் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்பிரசங்கத்தை இயற்றியவராகப் போற்றப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, கரையோரங்களில் ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையை ஒடுக்கிய காலத்தில், 1742இல் இறக்கும்வரை தமிழிலும் சிங்களத்திலும் எழுதியவர். சாவீட்டுப் பெண்களின் அழுகை ஆலயத்துக்குள் வந்ததை நான் பெரிய இறையியற் செயலாகவே கருதுகிறேன்.

ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மனை நீங்களும் படித்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்கொட்லாந்தில் போர்க்கைதியாக இருந்தபோது அவரைத் தொட்டவை 39ஆம் திருப்பாடலும், "என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற இயேசுவின் கதறலுமே. சிலுவையில் மகன் சாவை அனுபவிக்கையில் தந்தை மகனின் இழப்பை அனுபவிக்கிறார் என்று 1972இல் அவர் எழுதியதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தத் திருப்பாடலின் கடைசி அடிகளில் ஆறுதல் கிடையாது; உம் பார்வையை என்னைவிட்டு அகற்றும் என்று இறைவனிடமே மன்றாடி அது முடிகிறது. அப்படியிருந்தும் அதைத் திருத்தாமல், யூதரும் கிறிஸ்தவரும் தலைமுறை தலைமுறையாகச் செபித்து வருகிறார்கள்.

வியாகுலப் பிரசங்கத்துக்குப் பதிலாகக் குறும்படம் ஒன்று காட்டலாம் என்று எங்கள் இளைஞர் கேட்கிறார்கள். படம் எடுக்கட்டும், அது அவர்களுடைய கலை. ஆனால் அதில் இந்தப் புலம்பல் இருக்கவேண்டும், அதை இடையில் அறுத்து உயிர்ப்புக்கு ஓடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமையைத் தாண்டாமல் ஞாயிறு வராதல்லவா?

மெட்டைச் சரியாக அறிந்தவர்கள் இங்கே குறைந்துவருகிறார்கள். உங்கள் அம்மா பாடிய முறை சற்று வேறு, இன்னும் தாழ்ந்த குரலில் தொடங்கும். அது நினைவிருந்தால் கைபேசியில் பதிவுசெய்து பெரிய வெள்ளிக்கு முன் அனுப்புங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்